ஐயத்திற்கும் ஓர் எல்லை உண்டா?

2003-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். நான் அப்போது காசியில் தத்துவ முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் விடுதியின் உணவுக்கூடத்தில் ஒரு பழைய தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. கிரிக்கெட் இல்லாத மாலைகளில் அதில் செய்திகள் ஓடிக்கொண்டிருக்கும். ஒருநாள் லண்டன் மாநகரில் தேம்ஸ் நதிக்கரையைக் காட்டினார்கள். டவர் பாலத்திற்கு அருகே ஒரு பூங்கா; அங்கே தரையிலிருந்து சுமார் முப்பது அடி உயரத்தில், கண்ணாடி போன்ற பலகைகளால் ஆன ஒரு பெட்டி தொங்கிக்கொண்டிருந்தது. அதனுள் ஓர் இளைஞர் போர்வையைப் போர்த்தியபடி கிடந்தார். கீழே பெருங்கூட்டம்.

அவர் பெயர் டேவிட் பிளெய்ன்; அமெரிக்க மாயவித்தைக்காரர். ஏழடிக்கு ஏழடி, மூன்றடி என்னும் அளவுள்ள அந்தப் பெட்டிக்குள் செப்டம்பர் 5-ஆம் நாள் புகுந்தவர், 44 நாட்கள் தண்ணீரை மட்டுமே பருகி அங்கேயே இருக்கப் போவதாக அறிவித்திருந்தார்.

நாங்கள் சிரித்தோம். "தண்ணீரில் குளுக்கோஸ் கலந்திருக்கும்" என்றார் ஒரு நண்பர். "இரவில் ஆளை மாற்றிவிடுவார்கள்" என்றார் இன்னொருவர். நியாய சாஸ்திரத்தைப் புதிதாகப் படிக்கத் தொடங்கியிருந்த நான், எல்லோரையும்விட உரத்த குரலில், "மாயவித்தைக்காரன் பேச்சு ஆப்த வாக்கியம் ஆகுமா?" என்று கேட்டேன். நல்ல கைதட்டல் கிடைத்தது. அப்போது எங்கள் சமையல்காரர் கையில் கரண்டியுடன் வந்து நின்று அந்தக் காட்சியைச் சற்று நேரம் பார்த்தார். ஐம்பது வயதை நெருங்கிய பீகார்காரர். வடநாட்டு வழக்கப்படி அவரை நாங்கள் 'மகராஜ்' என்று அழைப்போம். (இன்று அன்பர்கள் என்னை அதே சொல்லால் அழைக்கும்போதெல்லாம் அவர் நினைவு வருகிறது.) அவர் கேட்டார்: "அந்தப் பிள்ளைக்கு வீட்டில் யாரும் இல்லையா?"

அதற்கும் சிரித்தோம்.

அன்று லண்டனில் கூடியவர்களும் சிரிக்கவே செய்தார்கள். சிலர் சிரிப்போடு நிற்கவில்லை. பெட்டியை நோக்கி முட்டைகளையும் எலுமிச்சம்பழங்களையும் கோல்ஃப் பந்துகளையும் வீசினார்கள். தொலைவிலிருந்து இயக்கும் ஒரு சிறு பொம்மை ஹெலிகாப்டரில் ஹாம்பர்கர் ஒன்றைக் கட்டி, அவர் முகத்துக்கு நேரே பறக்கவிட்டார்கள். அவருக்காக இரங்கி நின்றவர்களும் அதே கூட்டத்தில் இருந்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். அக்டோபர் 19-ஆம் நாள் அவர் வெளியே வந்தார். உங்கள் எல்லோரையும் நேசிக்கிறேன் என்று கூட்டத்தைப் பார்த்து முணுமுணுத்தார். பிறகு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்ட ஒரு பொழுதுபோக்கு நிகழ்ச்சியை இந்தப் பக்கங்களில் ஏன் எழுதவேண்டும் என்று வாசகர்கள் எண்ணக்கூடும். அந்தப் பெட்டியைக் குறித்து அன்று நான் கொண்ட உறுதி பின்னாளில் என்னை உறுத்தத் தொடங்கியது. ஐயுறுவது அறிவுக்கு அழகு என்று எண்ணி வளர்ந்தவன் நான். இப்போதும் அப்படித்தான் எண்ணுகிறேன். ஆனால் அன்று என்னிடம் இருந்தது ஐயம்தானா?

நியாய சூத்திரத்தை அருளிய கௌதமர் தமது சாஸ்திரம் ஆராயும் பதினாறு பொருள்களை முதல் சூத்திரத்திலேயே அடுக்குகிறார். அறிவதற்கான கருவிகள், அறியப்படும் பொருள்கள் என்ற இரண்டையும் சொன்னபின் மூன்றாவதாக அவர் வைப்பது சம்சயம், அதாவது ஐயம். அதற்கு உரை கண்ட வாத்ஸ்யாயனர், முற்றிலும் அறியப்படாத பொருளைப் பற்றியும் ஆராய்ச்சி எழாது, தீர்மானமாகிவிட்ட பொருளைப் பற்றியும் எழாது, ஐயத்திற்குரிய பொருளைப் பற்றியே எழும் என்கிறார். எனவே ஐயம் நமது மரபில் இழிவான ஒன்றன்று. அது விசாரணையின் வாசல். பகவத்கீதையின் நான்காம் அத்தியாயத்தில் ஐயத்தில் உழல்பவனைப் பற்றி வரும் கடுமையான சுலோகத்தைக் கேள்வி கேட்பவர்களின் வாயை அடைப்பதற்காகச் சிலர் எடுத்தாள்வதுண்டு. கேள்வி கேட்டுக்கொண்டே இருந்த ஒரு சீடனால் நமக்குக் கிடைத்த நூல் அது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

ஐயம் எப்படிப் பிறக்கிறது? மாலை மங்கலில் தொலைவில் ஓர் உருவம் தெரிகிறது. மரக்கட்டையா, மனிதனா? உயரம் இரண்டுக்கும் பொது. அசையாமல் நிற்பதும் பொது. பொதுத்தன்மை தெரிகிறது, வேறுபடுத்திக் காட்டும் சிறப்புத்தன்மை தெரியவில்லை. இதுவே நியாய நூல்கள் தரும் பழைய எடுத்துக்காட்டு. தேம்ஸ் நதிக்கரையில் நிகழ்ந்ததும் இதுவே. உண்மையாகவே பட்டினி கிடப்பவனும் பெட்டிக்குள் சோர்ந்து கிடப்பான். பட்டினி கிடப்பதாக நடிப்பவனும் சோர்ந்து கிடப்பான். பார்ப்பவனுக்குக் கிடைப்பது பொதுத்தன்மை மட்டுமே. ஆகவே அங்கே ஐயுற்றவர்களை எடுத்த எடுப்பில் குறைகூற முடியாது.

அதிலும் பெட்டிக்குள் இருந்தவரின் தொழில் என்ன? மாயவித்தை என்பது ஒப்பந்தத்தின்மேல் நிற்கும் பொய். வெறும் தொப்பியிலிருந்து முயல் வரும்போது வித்தைக்காரர் நம்மை ஏமாற்றுகிறார். ஏமாற்றுவார் என்று தெரிந்தே நாம் சீட்டு வாங்குகிறோம். அதில் அதர்மம் ஏதும் இல்லை. தம்மிடம் தெய்வ சக்தி இருப்பதாகக் கூறாத வித்தைக்காரரை நேர்மையான பொய்யர் என்றே சொல்லலாம். பிளெய்னும் தம்மை யோகி என்று ஒருபோதும் அறிவித்துக்கொள்ளவில்லை. ஆனால் அதே மனிதர் ஒருநாள், 'இது வித்தையன்று, உண்மை' என்று சொல்லும்போது சிக்கல் வருகிறது. 1999-இல் நியூயார்க்கில் மண்ணுக்கடியில் ஒரு பெட்டியில் ஏழு நாட்கள் கிடந்தார். 2000-இல் டைம்ஸ் சதுக்கத்தில் பனிக்கட்டிக்குள் அறுபது மணி நேரத்திற்கும் மேலாக நின்றார். சீட்டுக்கட்டு வித்தை காட்டிய அதே கைகள், அதே முகம். எந்த ஒப்பந்தம் இப்போது நடப்பில் இருக்கிறது என்று பார்வையாளன் எப்படி அறிவான்? ஆப்தன் என்பவன் உள்ளதை உள்ளபடி அறிந்தவன். அதை அப்படியே பிறருக்குச் சொல்லும் விருப்பமும் உடையவன். வித்தைக்காரர் இரண்டாவது தகுதியைத் தமது தொழிலின் பொருட்டுத் தாமே துறந்தவர். தேவைப்படும்போது அதைத் திரும்ப எடுத்து அணிந்துகொள்வது எளிதன்று. இதை அவரது ஊழ்வினை என்றுகூடச் சொல்லலாம். ஆக, விடுதியில் நான் கேட்ட கேள்வி தவறானதன்று.

தவறு பிறகுதான் தொடங்கியது. ஐயம் சிறப்புத்தன்மையைத் தேடவேண்டும். தேடினேனா? இல்லை.

வேறு சிலர் தேடினார்கள். பட்டினிக்குப் பின் அவருக்குச் சிகிச்சையளித்த லண்டன் மருத்துவர்கள் தாங்கள் கண்டவற்றை 2005-இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' என்ற புகழ்பெற்ற மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். அவருடைய எடை 24.5 கிலோ குறைந்திருந்தது. ஏறக்குறைய உடல் எடையில் நான்கில் ஒரு பங்கு. உயரத்திற்கும் எடைக்கும் உள்ள விகிதத்தைக் காட்டும் குறியீட்டெண் 29.0-லிருந்து 21.6 ஆக இறங்கியிருந்தது. இந்த இரண்டாவது எண்ணைக் கவனிக்கவேண்டும். 21.6 என்பது நலமாக இருக்கும் ஒருவருக்கு உரிய அளவு. கனத்த உடலோடு உள்ளே போனவர், பார்வைக்குச் சாதாரண மனிதரைப் போலவே வெளியே வந்தார். 'பார்த்தால் பட்டினி கிடந்தவன்போலத் தெரியவில்லையே' என்று சொல்லியிருக்கக்கூடியவர்களின் கண்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தக் காட்சியில் ஆபத்தை அறிவிக்கும் அடையாளம் இல்லை. தோற்றத்தை மட்டும் பார்த்திருந்தால் வரவிருந்த ஆபத்தைத் தாங்களும் உணர்ந்திருக்க முடியாது என்றே மருத்துவர்களும் எழுதினார்கள்.

அந்த ஆபத்து பட்டினியில் இல்லை. பட்டினி முடிந்து உண்ணத் தொடங்குவதில் இருந்தது. நெடுநாள் உணவில்லாத உடல் தன் கொழுப்பை எரித்து வாழப் பழகிக்கொள்கிறது. மீண்டும் மாவுச்சத்து உள்ளே வந்ததும் இன்சுலின் சுரக்கிறது. உயிரணுக்கள் இரத்தத்திலிருக்கும் பாஸ்பேட்டை விரைந்து இழுத்துக்கொள்கின்றன. இரத்தத்தில் அதன் அளவு சரிந்தால் மூச்சும் இதயமும் தடுமாறும். இரண்டாம் உலகப் போரின் முடிவில், பசியால் வாடிய கைதிகள் விடுவிக்கப்பட்டு உணவு பெற்ற பின்னரே சிலர் இறந்ததைக் கண்டு மருத்துவ உலகம் இதைத் தெளிவாக அறிந்துகொண்டது. பிளெய்னுக்கு மிக எச்சரிக்கையாகவே உணவு தரப்பட்டது. அப்படியும் பாஸ்பேட் குறைந்தது. உடலில் நீர் தேங்கியது. தோற்றத்தை நடிக்கலாம். இரத்தத்தில் நிகழும் இத்தகைய மாற்றத்தை நடிப்பது எளிதன்று. இதுவே நியாய நூலார் கேட்கும் சிறப்புத்தன்மை. மரக்கட்டை அசைந்துவிட்டது, அது மனிதன்.

இந்தக் கட்டுரையைப் பற்றி நான் அறிந்தது வெகு காலம் கழித்து, வேறொரு மொழிபெயர்ப்புக்காக உடலியல் செய்தி ஒன்றைச் சரிபார்த்தபோது. அதைப் படித்ததும் என்னுள் எழுந்த உணர்ச்சியை மறைக்காமல் சொல்கிறேன்: ஏமாற்றம். அவர் உண்மையாகவே பசித்திருந்தார் என்ற செய்தி எனக்கு மகிழ்ச்சி தரவில்லை. உண்மையைத் தேடுகிறவனுக்கு ஐயம் தீர்வது ஆனந்தம் அல்லவா? ஐயம் தீர்ந்ததற்காக ஒருவன் வருந்தினால் அவன் தேடியது உண்மையை அன்று. அன்றைய கைதட்டலைத்தான் நான் இழக்க விரும்பவில்லை.

இங்கே உதயனர் நினைவுக்கு வருகிறார். பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் இந்த நியாய ஆசிரியர், ஐயத்தை முடிவில்லாமல் நீட்டிக்கொண்டே போகிறவர்களுக்கு நியாய குசுமாஞ்சலியில் ஓர் எல்லையைக் காட்டுகிறார். ஒருவனுடைய ஐயம் அவனுடைய செயலோடு முரண்படும் இடமே அந்த எல்லை. நெருப்பால் புகை உண்டாகுமா என்று எனக்கு ஐயம் என்று சொல்பவன், புகை வேண்டும்போது அடுப்பை மூட்டுகிறான். அவன் வாய் ஐயுறுகிறது, கை ஐயுறவில்லை.

பொம்மை ஹெலிகாப்டரில் ஹாம்பர்கரைக் கட்டிப் பறக்கவிட்டவனை இந்த அளவுகோலால் பார்ப்போம். வயிறு நிறைய இரகசியமாக உண்பவன் முன்னால் உணவைக் காட்டி யாராவது கேலி செய்வார்களா? அந்தக் கேலிக்குப் பொருள் வேண்டுமானால் உள்ளே இருப்பவன் பசித்திருக்கவேண்டும். அதைப் பறக்கவிட்டவன் மனத்தின் ஆழத்தில், அவன் பசித்திருக்கிறான் என்று நம்பினான். நம்பியதனால்தான் அந்த விளையாட்டில் அவனுக்குச் சுவை இருந்தது. அப்படியானால் 'எல்லாம் மோசடி' என்ற கூச்சல் ஐயத்தின் குரல் அன்று. ஐயத்தின் உடையை அணிந்துவந்த வேறொன்று.

அந்த வேறொன்று என்ன? எல்லாவற்றையும் கொடூரம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. உலகில் கோடிக்கணக்கானவர்கள் விரும்பாமலே பசித்திருக்க, ஒருவர் விரும்பிப் பசித்திருந்து அதைத் தொலைக்காட்சிக்கு விற்கிறாரே என்ற கோபம் அந்தக் கூட்டத்தில் சிலருக்கேனும் இருந்திருக்கலாம். அது மதிக்கத்தக்க கோபம். ஆனால் 'இது பொய்' என்பதும் 'இது தகாது' என்பதும் வெவ்வேறு கூற்றுகள். முன்னதைத் தராசும் இரத்தப் பரிசோதனையும் தீர்த்துவைக்கும்; பின்னதைத் தர்ம விசாரணைதான் தீர்க்கவேண்டும். தகாது என்று சொல்லும் துணிவும் உழைப்பும் இல்லாதபோது நாம் பொய் என்று சொல்லிவிடுகிறோம். அது எளிது. பொய் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் சிந்திக்கத் தேவையில்லை. எதிரிலிருப்பவனுடைய வருத்தத்தையும் பார்க்கத் தேவையில்லை. சமய வாழ்விலும் இதைக் காண்கிறோம். ஒரு துறவியின் நடத்தை நமக்கு உடன்பாடில்லை என்றால் அதை நேரே சொல்வதில்லை. 'அவருக்கு உண்மையில் ஜபமே கிடையாதாம்' என்று பேசத் தொடங்கிவிடுகிறோம்!

கௌதமரின் பட்டியலில் ஐயத்தை அடுத்து நான்காவதாக நிற்பது பிரயோஜனம். எதற்காக என்ற கேள்வி. விடுதிச் சமையல்காரர் கேட்டது ஏறக்குறைய அதுதான். அவருக்கு முதற்கேள்வி எழவே இல்லை. ஒரு மனிதன் பசித்திருக்கிறான் என்றார்கள், நம்பினார். உண்ண அழைக்க ஆளில்லையா என்று கேட்டார்.

இந்த இடத்தில் அன்பர்கள் பலருக்கு ஸ்ரீராமகிருஷ்ணர் சொன்ன கதை நினைவுக்கு வந்திருக்கும். பல ஆண்டுகள் தவம் செய்து ஆற்றின்மேல் நடக்கும் ஆற்றலைப் பெற்றவனிடம், ஓடக்காரனுக்கு ஒரு காசு கொடுத்தால் நடக்கும் காரியம்தானே இது என்று கேட்கிற கதை. அக்கதையில் ஒரு நுட்பம் உண்டு. ஆற்றைக் கடந்தானா இல்லையா என்று அங்கே யாரும் ஐயுறுவதில்லை. கடந்தான் என்பதை முழுமையாக ஒப்புக்கொண்டபின்தான் அந்தக் கேள்வி வருகிறது. மோசடி என்று சொல்லியிருந்தால் கேள்வியின் கூர் மழுங்கியிருக்கும். செயல் உண்மையாக இருக்கும்போதுதான் அதன் பயன் என்ன என்ற கேள்வி முழு வலிமையோடு எழுகிறது.

கீதையின் பதினேழாம் அத்தியாயம் மதிப்பும் பாராட்டும் பூஜையும் பெறுவதற்காக, பகட்டுடன் செய்யப்படும் தவத்தை ராஜஸம் என்கிறது. மூடப் பிடிவாதத்தால் தன்னையே வதைத்துக்கொள்வதைத் தாமஸம் என்கிறது. தேம்ஸ் நதிக்கரைப் பெட்டியை இவற்றில் எதில் சேர்ப்பது என்று கணக்கிட நான் முயலப் போவதில்லை. அந்தப் பாகுபாடு பிறரை எடைபோடும் தராசாக நமக்குத் தரப்படவில்லை. ஆயினும் ஒன்று தெளிவு. பட்டினியில் உடல் எரியும் முறை எல்லோருக்கும் ஒன்றே. அதற்குப் பொருள் தருவது வேறு. லாகூர் சிறையில் கைதிகளின் நிலை மேம்படவேண்டும் என்பதற்காக உணவை மறுத்த ஜதீந்திர நாத் தாஸ், 63-ஆம் நாளில், 1929 செப்டம்பர் 13 அன்று உயிர்நீத்தார். அவருடைய உடலும் அதே கொழுப்பை எரித்தது. அதே தசையை இழந்தது. அவருடைய உடலைத் தாங்கிய ரயில் கல்கத்தாவுக்கு வந்தபோது மக்கள் வெள்ளம் திரண்டு அஞ்சலி செலுத்தியது. அங்கே யாரும் தண்ணீரில் என்ன கலந்திருந்தது என்று கேட்கவில்லை.

ஐயுறுவதற்கு நல்ல முறை ஒன்று உண்டு. அதைக் காட்டியவரும் ஒரு மாயவித்தைக்காரர்தான் என்பது வியப்பு. 1926-இல் ரஹ்மான் பே என்பவர் நியூயார்க்கில், கிழக்கு நாட்டு ஃபகீர் என்ற அறிமுகத்துடன், மூடிய பெட்டிக்குள் நீருக்கடியில் சுமார் ஒரு மணி நேரம் இருந்து காட்டினார். தாம் சமாதி போன்ற ஒரு மோன நிலைக்குப் போய்விடுவதாகவும் அதனால்தான் இது இயலுவதாகவும் சொல்லப்பட்டது. அப்போது ஐம்பத்திரண்டு வயதான ஹாரி ஹூடினி இதை நம்பவில்லை. நம்பாதவர் என்ன செய்தார்? கூட்டத்தில் நின்று கூச்சலிடவில்லை. தாமே அதுபோன்ற ஓர் உலோகப் பெட்டியைச் செய்வித்துப் பயிற்சி எடுத்துக்கொண்டார். ஆகஸ்ட் 5-ஆம் நாள் ஷெல்டன் ஹோட்டலின் நீச்சல்குளத்தில் மூழ்கவைக்கப்பட்ட அந்தப் பெட்டிக்குள் ஒரு மணி 31 நிமிடம் இருந்தார். இதில் மோன நிலையும் இல்லை, தந்திரமும் இல்லை. அசையாமல், அஞ்சாமல், மெல்ல மூச்சுவிட்டால் போதும் என்று விளக்கினார். அதோடு நிற்காமல், தம் அனுபவத்தை அமெரிக்க அரசின் சுரங்கத் துறையைச் சேர்ந்த மருத்துவருக்கு எழுதி அனுப்பினார். சுரங்கம் இடிந்து உள்ளே சிக்கிக்கொள்ளும் தொழிலாளர்கள் அச்சத்தால் மூச்சை வீணாக்காமல் இருக்க இது உதவும் என்பது அவர் எண்ணம். அதே ஆண்டு அக்டோபர் 31-இல் அவர் மறைந்தார். தம் ஐயத்திற்கான விலையைத் தம் உடலாலேயே கொடுத்தார். ஐயம் தந்த விடையை முகமறியாத தொழிலாளர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அவருடைய கொள்கைகள் சிலவற்றோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் இந்தச் செயலில் ஒரு சாதகனுக்குரிய நேர்மை இருக்கிறது.

மற்றொரு முறையும் வரலாற்றில் உண்டு. அதை எழுதும்போது கை தயங்குகிறது. வேல்ஸ் நாட்டின் சிற்றூர் ஒன்றில் சாரா ஜேக்கப் என்று ஒரு சிறுமி இருந்தாள். இரண்டு ஆண்டுகளாக அவள் எதுவும் உண்பதில்லை என்று பெற்றோர் சொன்னார்கள். மலர்களாலும் நாடாக்களாலும் அலங்கரித்துப் படுக்கையில் கிடத்தியிருந்த அவளைக் காண மக்கள் வந்தார்கள், காணிக்கை வைத்தார்கள். உண்மையைச் சோதிக்க 1869 டிசம்பரில் லண்டன் மருத்துவமனை ஒன்றிலிருந்து செவிலியர்களை வரவழைத்து இரவும் பகலும் காவல் வைத்தார்கள். அவள் கேட்டால் உணவு தரலாம். கேட்காமல் தரக்கூடாது என்பது ஏற்பாடு. முன்பு யாரோ, எப்படியோ கொடுத்துவந்த சிறிதளவு உணவும் அந்தக் காவலால் நின்றுபோயிற்று. பன்னிரண்டு வயதுச் சிறுமி கேட்கவில்லை. எட்டு நாட்களில் இறந்துபோனாள். அடுத்த ஆண்டு பெற்றோர் தண்டிக்கப்பட்டார்கள். நம்பியவர்களுக்கு அவள் ஓர் அற்புதம். ஐயுற்றவர்களுக்கு அவள் ஒரு சோதனை. சோதனை வெற்றி பெற்றது! அந்த எட்டு நாட்களில் அவள் முகம் மாறிவருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர்களில் ஒருவர்கூட ஏட்டை மூடி வைத்துவிட்டு ஒரு கிண்ணம் பாலை எடுத்து நீட்டவில்லை.

நம் வீட்டுக் கதைக்கும் வருவோம். இத்தகைய செய்திகளைக் கேட்டதும், 'இதென்ன பெரிது, நம் ரிஷிகள் ஆயிரம் ஆண்டுகள் காற்றையே உண்டு தவம் செய்தார்களே' என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. லண்டன்காரர் ஐயுறுவதில் அவசரப்பட்டார். நாம் நம்புவதில் அவசரப்படுகிறோம். இரண்டிலும் விசாரணை இல்லை. இந்தியாவிலேயே அந்த விசாரணையைச் செய்தவர்கள் உண்டு. பி.கே. ஆனந்த் என்ற நம் நாட்டு உடலியல் அறிஞரும் வெங்கர், பாக்சி ஆகியோரும், இதயத்தை நிறுத்துவதாகச் சொன்ன யோகிகளைக் கருவிகளுடன் சோதித்து 1961-இல் வெளியிட்டார்கள். நாடித்துடிப்பும் இதய ஒலியும் கேட்காமல் போனது உண்மை; ஆனால் இதயம் நிற்கவில்லை என்று கருவி காட்டியது. மூச்சை அடக்கி, மார்புத் தசைகளை இறுக்கியதன் விளைவு அது. அதே ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வில், காற்றுப் புகாத பெட்டிக்குள் அமர்ந்த ராமானந்த யோகியின் உடல், உயிர்வாழத் தேவை என்று கணக்கிடப்பட்ட அளவைவிடக் குறைந்த பிராணவாயுவைச் செலவழித்ததை ஆனந்தும் அவருடைய சகாக்களும் பதிவு செய்தார்கள். ஓர் ஆய்வு நம் பெருமையைச் சற்றுக் குறைத்தது. மற்றொன்று சற்றுக் கூட்டியது. இரண்டையும் ஒரே முகத்துடன் ஏற்க முடிந்தவரே விசாரணைக்குத் தகுதியானவர். பெட்டிக்குள் அமர்ந்து ஊசிகளையும் கம்பிகளையும் ஏற்றுக்கொண்ட அந்த யோகிகளையும் நாம் வணங்கவேண்டும். தங்கள் சொல்லைச் சோதிக்க அவர்கள் அனுமதித்தார்கள்.

ஒருமுறை ஐயம் தீர்ந்துவிட்டால் அந்த மனிதரை எப்போதும் நம்பிவிடலாமா என்று கேட்டால், அதுவும் இல்லை. பிளெய்னே உதாரணம். 2008 ஏப்ரலில் அவர் முன்கூட்டியே தூய பிராணவாயுவைச் சுவாசித்துவிட்டு நீருக்குள் 17 நிமிடம் 4 விநாடி மூச்சை அடக்கினார். பிராணவாயுவைச் சுவாசித்ததை மறைக்கவில்லை. நெடுநேரம் மூச்சடக்குவதைத் தந்திரத்தால் செய்துகாட்டும் வழிகளையே முதலில் தேடியதாகவும், அவை பயன்படாமல் கடைசியில் உண்மையாகவே பயில நேர்ந்ததாகவும் மறு ஆண்டு ஓர் உரையில் அவரே சொன்னார். தந்திரத்தைவிட உண்மை எளிதாகப் போய்விட்டது! ஆனால் அதே 2008 செப்டம்பரில் நியூயார்க் பூங்காவில் அறுபது மணி நேரம் தலைகீழாகத் தொங்குவதாக அறிவித்தவர், இடையிடையே நிமிர்ந்து நின்று ஓய்வெடுத்ததை மக்கள் பார்த்துவிட்டார்கள், நகைத்தார்கள். அன்று அவர்களுடைய ஐயத்தில் நியாயம் இருந்தது. ஒவ்வொரு பெட்டியையும் தனித்தனியே பார்க்கவேண்டியிருக்கிறது.

மொழிபெயர்ப்பாளனாக ஒரு சொல்லைப் பற்றி இங்கே குறிப்பிடத் தோன்றுகிறது. சம்சயம் என்பதற்குத் தமிழில் சந்தேகம் என்றும் எழுதலாம், ஐயம் என்றும் எழுதலாம். பேச்சு வழக்கில் சந்தேகம் பெரும்பாலும் ஆளின்மேல் விழுகிறது. 'அவன்மேல் எனக்குச் சந்தேகம்' என்கிறோம். ஐயமோ பொருளின்மேல் விழுகிறது. அதை ஆசிரியரிடம் கேட்டுத் தெளிகிறோம். பழந்தமிழில் ஐயம் என்ற சொல்லுக்குப் பிச்சை என்றும் பொருள் உண்டு. இரு பொருள்களுக்கும் வேர் ஒன்றுதானா என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் நியாய நூல்களைத் தமிழாக்கும்போது ஐயம் என்று எழுதும் ஒவ்வொரு முறையும், கையில் வெறும் ஓட்டுடன் ஒரு வாசலில் நிற்பவன்தான் என் கண்முன் வருகிறான். காசியில் அன்று என் கை வெறுமையாக இல்லை. விடையை முன்பே இறுகப் பற்றியிருந்தது.

அக்டோபரில் அவர் பெட்டியிலிருந்து இறக்கப்பட்ட காட்சியையும் அதே உணவுக்கூடத்தில் பார்த்தோம். தொலைக்காட்சியில் கூட்டம் ஆரவாரித்தது. எங்களில் சிலர், இனிமேல் விருந்துதான் என்று சிரித்தோம். சமையல்காரர் சப்பாத்தி மாவைப் பிசைந்துகொண்டே திரும்பிப் பார்த்தார். "முதலில் அவருக்கு என்ன கொடுப்பார்கள்?" என்று கேட்டார். எங்களுக்குத் தெரியவில்லை. "சோறு வடித்த கஞ்சித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுக்கவேண்டும். ஒரேயடியாகக் கொடுத்துவிட்டால் ஆள் போய்விடுவார்" என்றார். அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். 1966-67-இல் பீகாரில் பஞ்சம் வந்தபோது தாம் சிறுவன் என்றும், நிவாரணக் கூடத்தில் பரிமாறும் வேலைக்குத் தம் தந்தை தம்மையும் கூட்டிக்கொண்டு போவார் என்றும் சொன்னார். பிறகு மாவின்மேல் ஈரத்துணியை மூடிவிட்டு, தாமதமாக வரும் மாணவர்களுக்கான தட்டுகளை எடுத்துவைக்கப் போனார்.